வீட்டுக் காத்தாடி மக்கர் பண்ணினால்: கம்பத்தைச் சாய்க்கும் முன் கீழே பாருங்கள்

எங்கள் பக்கம் காற்றாலை என்று யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். கம்பெனிக்காரர்கள் நட்டு வைத்திருக்கும் ராட்சசனுக்கும் அதே பெயர், எங்கள் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பின்னால் 50 அடி ஜி.ஐ. பைப்பின் உச்சியில் நான் நிறுத்தியிருக்கும் 8 அடிக் குட்டிக்கும் அதே பெயர். குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது தோட்டம். காத்தாடி இதுவரை ஆறு ஆடி மாசம் பார்த்துவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் 15 தடவைக்கு மேல் கம்பத்தைச் சாய்த்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வீண் வேலை. கோளாறு கீழேயே இருந்திருக்கிறது: ஒயரில், டயோடில், ஃபியூஸில், சில சமயம் காற்றிலேயே.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக என் காத்தாடியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மர இறக்கை, விட்டம் 2.4 மீட்டர். உக்கடம் பக்கம் பழைய இரும்புக்கடையில் எடுத்த காரின் பின்சக்கர ஹப். அதில் இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்கு 12 நியோடிமியம் காந்தம். தட்டுகளுக்கு நடுவே ரெசினில் வார்த்த 9 காயில், ஃபேஸுக்கு மூன்று, ஸ்டாரில் (மூன்று ஃபேஸின் ஒரு முனையும் ஒரே இடத்தில் சேரும்படி) கட்டியது. கம்பத்தின் அடியில் ஒரு மூன்று-ஃபேஸ் பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடுத் தொகுதி), அங்கிருந்து வீட்டுக்கு 35 மீட்டர் கேபிள், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு பிரேக் சுவிட்ச்; அதைப் போட்டால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காத்தாடி நின்றுவிடும். பி.எல்.டி.சி. ஃபேன் மோட்டாரையோ பழைய இ-பைக் ஹப் மோட்டாரையோ வைத்துச் செய்தவர்களுக்கும் கீழே உள்ளதில் முக்கால்வாசி பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஒயரைக் கவ்விப் பிடித்து டி.சி. ஆம்ப்ஸ் காட்டும் டாங் டெஸ்டர், ஸ்பேனர் செட். டாங் டெஸ்டர் வாங்கும்போது டி.சி. காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பலதும் ஏ.சி. மட்டும்தான் காட்டும்.

காற்று அடிக்கிறது, காத்தாடி அசைய மாட்டேன் என்கிறது

முதலில் பிரேக் சுவிட்ச். சிரிக்காதீர்கள், போட்டதை மறந்துவிட்டு நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், கம்பத்தின் அடியில் வரும் மூன்று ஒயரையும் கழற்றி, ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக விடுங்கள். காற்று குறைவான நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. கழற்றியதும் காத்தாடி சுற்ற ஆரம்பித்தால் மேலே ஒன்றும் இல்லை. பிரிட்ஜில் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. ஷார்ட் ஆன டயோடும் ஒரு பிரேக்தான். மீட்டரை டயோடு பக்கம் வைத்து, பிரிட்ஜின் ஒவ்வொரு ஃபேஸ் முனைக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே, அப்புறம் மைனஸுக்கும் நடுவே, இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் 0.5 சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும், மறுதிசையில் ஒன்றும் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பிரிட்ஜை மாற்றிவிடுங்கள். அதை ஹீட் சிங்க்கில் இறுக்கி மாட்டாமல் சும்மா பெட்டிக்குள் திருகி வைத்திருந்தால், புதிதும் அடுத்த ஆடியில் போய்விடும்.

ஒயரைக் கழற்றியும் சுற்றவில்லை என்றால்தான் கம்பத்தைச் சாய்க்க வேண்டும். சாய்த்ததும் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். விரல் சொல்லிவிடும். தேனில் சுற்றுவது போல ஒரே சீராகக் கனத்தால் மூன்று ஃபேஸும் எங்கோ ஒட்டியிருக்கிறது. விட்டு விட்டு, இடித்து இடித்துக் கனத்தால் இரண்டு ஃபேஸ் மட்டும் ஒட்டியிருக்கிறது. கரகரவென்று உரசினால் கரண்ட் சமாச்சாரமே இல்லை. காந்தம் காயிலில் உரசுகிறது. பேரிங் தளர்ந்திருக்கும், அல்லது காந்தத்தின் அடியில் துருப் பிடித்து ரெசினைத் தூக்கியிருக்கும்.

எனக்கு ஒருமுறை இடித்து இடித்துக் கனத்தது. காயிலைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், கேபிள் உள்ளே இறங்கும் பைப்பின் வாய். ஹாக்ஸா பிளேடில் அறுத்துவிட்டு, அரம் போடாமல் விட்டிருந்தேன். காற்றுக்கேற்பக் காத்தாடியின் தலை திரும்பும்போதெல்லாம் அந்த விளிம்பு கேபிளின் தோலை நெல் உரிப்பது போல உரித்து, சிவப்பும் மஞ்சளும் ஒரே இரும்பில் பட்டிருந்தன. இப்போது அந்த வாயில் பழைய டியூபைச் சுற்றி, அதன் மேல் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகியிருக்கிறேன்.

சுற்றுகிறது, ஆனால் ஆம்ப்ஸ் காட்டவில்லை

பேட்டரியின் வோல்ட்டைத் தாண்டாமல் ஒரு சொட்டு கரண்ட் கூட உள்ளே போகாது. என் காத்தாடி அந்த வோல்ட்டை எட்ட நிமிடத்துக்கு சுமார் 160 சுற்று வேண்டும்; அதற்குக் காற்று விநாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர் அடிக்க வேண்டும். அதற்குக் கீழே சுற்றுவதெல்லாம் வேடிக்கைக்கு. வேப்ப இலை இடைவிடாமல் ஆடினால் அந்த அளவைத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். களத்தில் தூசி கிளம்பி, காகிதம் பறந்தால் 6 மீட்டர் வந்துவிட்டது. அப்போதும் பூஜ்யம் என்றால் தேடுங்கள்.

பிரிட்ஜின் டி.சி. முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரிக்கு நேராக 25, 26 என்று காட்டினால் இணைப்பு சரி. விறுவிறுவென்று 50, 60 என்று ஏறினால் பேட்டரிப் பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது: ஃபியூஸ், பிரேக்கர் (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), லக் (கேபிள் நுனியில் மாட்டும் முனை). காத்தாடி சுமை இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே பிரேக் போட்டுவிட்டு அப்புறம் தேடுங்கள். மீட்டர் முள்ளைக் கவனமாக வையுங்கள், அந்த வோல்ட் உதறும்.

டி.சி. சரியாக இல்லை என்றால், மூன்று ஃபேஸ் ஒயரையும் கழற்றி, இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். இளங்காற்றில் நின்றபடியே பார்க்கலாம், கம்பத்தைச் சாய்த்திருந்தால் விநாடிக்கு ஒரு சுற்று என்று கையால் சுற்றியும் பார்க்கலாம். அப்படிச் சுற்றினால் என்னுடையது மூன்று ஜோடியிலும் 7 வோல்ட் தரும். உங்களுடையது வேறு எண் தரலாம், பரவாயில்லை. மூன்றும் தங்களுக்குள் எப்படி நிற்கின்றன என்பதுதான் விஷயம்.

7, 7, 7 என்று வந்தால் காயிலில் குறை இல்லை. 7, 0, 0 என்று வந்தால் ஒரு ஃபேஸ் முழுதாக அறுந்திருக்கிறது. இரண்டு பூஜ்யத்திலும் பொதுவாக வரும் ஒயர்தான் குற்றவாளி. 7, 5, 5 என்றால் ஒரு ஃபேஸின் மூன்று காயிலில் ஒன்று தலைகீழாக இணைந்திருக்கிறது. இரண்டு காயில் தள்ள, ஒன்று இழுக்க, அந்த ஃபேஸில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 7, 4, 4 என்றால் ஒரு ஃபேஸ் முழுதுமே ஸ்டார் முனையில் தலை மாறியிருக்கிறது. புதிதாகக் கட்டிய காயிலில்தான் இந்த இரண்டும் வரும். ஓடிக்கொண்டிருந்த காத்தாடியில் ஒருநாள் திடீரென்று வராது.

இன்னொன்று 4, 4, 4. மூன்றும் சமம், ஆனால் மூன்றும் குறைவு. இது எனக்கே நடந்தது. இந்த ஸ்டேட்டரின் (ரெசினில் வார்த்த காயில் தட்டின்) முனைகளை மோட்டார் காயில் கட்டும் ஒரு அண்ணனிடம் கொடுத்திருந்தேன். கோயம்புத்தூர் ஜில்லா முழுக்கத் தெருவுக்கு ஒரு காயில் கடை இருப்பதால் நமக்கு இந்த வசதி உண்டு. அவர் கை பழக்கத்தில் டெல்டாவில் (ஒரு ஃபேஸின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் சேர, முக்கோணமாக) முடிந்துவிட்டார்.

“ஏந் தம்பி, ஏழரை எச்.பி. மோட்டாரு ஸ்டார்ல கெளம்பி டெல்டாவுலதான ஓடுது? இதுக்கு மட்டும் என்ன புதுசா?”

“அது கரண்டைத் திங்கறதுங்ண்ணா, இது கரண்டைப் பெத்துக் குடுக்கறதுங்க. எளங்காத்துல வோல்ட்டு வேணும்.”

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “அப்ப ஸ்டார்ல வோல்ட்டு ஏறும், ஆம்ப்ஸ் எறங்கும். சரி, குடுங்க இங்க.”

ஸ்டாரில் டெல்டாவைப் போல 1.73 மடங்கு வோல்ட் வரும். டெல்டாவில் விட்டிருந்தால் 160 சுற்றில் தொடங்க வேண்டிய சார்ஜ் 277 சுற்றுக்குக் காத்திருக்கும். 3 மீட்டர் காற்று போதாது, 5 மீட்டர் வேண்டும். ஐப்பசியிலிருந்து சித்திரை வரை அந்தக் காத்தாடி சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அவரிடம் அன்று கற்றுக்கொண்டது எனாமல் சுரண்டுவது. வைண்டிங் கம்பியின் மேல் இருக்கும் எனாமல் கண்ணுக்குச் செம்பு போலவே தெரியும், அதனால் ஏமாந்துவிடுவோம். அவர் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, கம்பியை விரலில் உருட்டி உருட்டி, ஒரு அங்குலத்துக்கு நாலாபுறமும் சுரண்டினார். பழுப்புப் பொடி மடியில் உதிர்ந்தது. கம்பி வெளிறிய இளஞ்சிவப்பாக மாறிய பிறகுதான் முறுக்கி ஈயம் வைத்தார். ஈயம் கம்பியில் ஓடி ஊற வேண்டும். உருண்டையாக நின்றால் அடியில் எனாமல் இருக்கிறது. அப்படி நிற்கும் ஜாயிண்ட் முதல் வருஷம் ஓடும். இரண்டாம் வருஷம் 7, 0, 0.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் சொற்பம்

இதைக் கோளாறு என்று சொல்லி என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் இது கோளாறே இல்லை, கணக்கு.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு ஆகும். 2.4 மீட்டர் இறக்கை வளைத்துப் பிடிக்கும் பரப்பு 4.5 சதுர மீட்டர். 3 மீட்டர் காற்றில் அந்த வட்டத்துக்குள் வருவதே சுமார் 73 வாட். எப்பேர்ப்பட்ட இறக்கையானாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் பிடுங்க முடியாது என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையால் செதுக்கிய இறக்கை, டயோடு, கேபிள் எல்லாவற்றையும் தாண்டிப் பேட்டரிக்குள் கால்வாசி போனால் நல்ல வேலைப்பாடு. ஆக 3 மீட்டர் காற்றில் 18 வாட், இரண்டு எல்.இ.டி. பல்பு. 5 மீட்டரில் 85 வாட், பழைய சீலிங் ஃபேன் ஒன்று. 8 மீட்டரில் 350 வாட்டை நெருங்கும். வீடியோவில் ஒருவர் 500 வாட் காட்டினார் என்றால், அவர் எந்தக் காற்றில் காட்டினார் என்று கேளுங்கள்.

அடுத்தது மாசம். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று நம் மேல் வந்து விழுகிறது. வைகாசியில் கிளம்பி, ஆடியில் அம்மியைத் தூக்கி, புரட்டாசியில் அடங்கும். அப்புறம் வருவதெல்லாம் மிச்சம் மீதி. கார்த்திகையில் ஆம்ப்ஸ் இல்லை என்று கம்பத்தைச் சாய்ப்பது, கோடையில் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று மோட்டாரைப் பிரிப்பது போல. அந்த மாசங்களுக்கு இரண்டு சோலார் பேனல் போட்டுவிடுங்கள். ஆடியில் மேகம் மூடி பேனல் மந்தமாகும்போது காத்தாடி கைகொடுக்கும்.

ஆடியிலேயே சொற்பம் என்றால் இடத்தைப் பாருங்கள். நமக்கு ஒரு சௌகரியம், வலுவான காற்று பெரும்பாலும் ஒரே பக்கமிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. அதனால் கிழக்கே என்ன இருந்தாலும் அவ்வளவு கவலை இல்லை. மேற்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் தீர்ந்தது கதை. 15 மீட்டர் உயரத் தென்னைக்குப் பின்னால் 300 மீட்டர் வரை காற்று குழம்பித்தான் வரும்; அந்தக் குழப்பம் மரத்தின் இரண்டு மடங்கு உயரம் வரை எழும்பும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் எதையும் விட இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. என் சாளைக்கு மேற்கே கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. கிளுவை வேலியும் அங்கங்கே வெள்வேல மரமும்தான். அந்த அதிர்ஷ்டத்தில்தான் 50 அடி போதுமானதாக இருக்கிறது. பக்கத்தில் கம்பெனிக் காத்தாடி சுற்றுகிறதே என்பவர்களுக்கு: புதிய காத்தாடிகளின் மண்டை 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது வேறு காற்று.

மாடியில் கம்பம் நட்டு வைத்தவர்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் மோதிச் சுருண்டு வரும் காற்றில் அது நாளெல்லாம் மூஞ்சியைத் திருப்பித் திருப்பி ஆடும், ராத்திரி உறுமல் படுக்கையறைக்குள் இறங்கும். இடத்தைச் சோதிக்க, ஒரு நீளமான மூங்கிலில் அஞ்சடிக்கு ஒன்றாகப் பழைய சீலைக் கிழிசலைக் கட்டி நிறுத்திப் பாருங்கள். நேராக நீண்டு படபடத்தால் நல்ல காற்று. சுழன்று மூங்கிலையே சுற்றிக்கொண்டால் அங்கே கம்பம் வேண்டாம்.

இடமும் சரி என்றால் கேபிள். நான் முதலில் 12 வோல்ட்டில்தான் ஆரம்பித்தேன். 35 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், கடையில் இது தாராளம் என்றார்கள். போக வர 70 மீட்டருக்கு அதன் தடை 0.3 ஓம். 30 ஆம்ப்ஸ் ஓடினால் வழியிலேயே 9 வோல்ட் போய்விடும், 270 வாட் கேபிளைச் சூடேற்றவே சரியாகிவிடும். நல்ல காற்றில் கேபிளைத் தொட்டபோது வெயிலில் கிடந்த பாம்பு மாதிரி இளஞ்சூடாக இருந்தது. 24 வோல்ட்டுக்கு வேறு ஸ்டேட்டர் வார்த்து, 16 சதுர மில்லிமீட்டருக்கு மாறினேன். இப்போது 15 ஆம்ப்ஸில் 1.1 வோல்ட்தான் இழப்பு. பார்க்கும் முறை எளிது: நல்ல காற்றில் பிரிட்ஜின் முனையிலும் பேட்டரியின் முனையிலும் ஒரே சமயத்தில் வோல்ட் பாருங்கள், வித்தியாசம்தான் வழிப்பறி.

பலமான காற்றிலும் சோம்பலாகச் சுற்றுகிறது

முந்தையதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்று ஏறுகிறது, சத்தமே வரவில்லை, சுற்று கூடவில்லை, ஆம்ப்ஸும் ஒரே இடத்தில் நிற்கிறது. இறக்கைக்குத் தாங்காத அளவு ஜெனரேட்டர் இழுக்கிறது. இறக்கையின் நுனி காற்றைவிட ஆறேழு மடங்கு வேகத்தில் ஓடினால்தான் அது வேலை செய்யும். அதற்குக் கீழே இழுத்துப் பிடித்தால் மூச்சுத் திணறிவிடும். இரண்டு காந்தத் தட்டுக்கும் நடுவே ஒரு வாஷர் கூட்டி இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக்கிப் பாருங்கள். தட்டைக் கழற்றும்போது ஜாக்கி போல்ட் போட்டு மெல்லத் தூக்க வேண்டும். கையால் பிரிக்கப் போனால் விரல் நசுங்கும், நிஜமாகவே நசுங்கும்.

விசித்திரம் என்னவென்றால், மெல்லிய கேபிளை மாற்றித் தடித்தது போட்ட பிறகுதான் சிலருக்கு இந்தச் சிக்கலே தலைகாட்டும். கேபிளின் இழப்பு அதுவரை இறக்கைக்கு மூச்சு விட இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

உறுமுகிறது, கம்பம் நடுங்குகிறது

சத்தமா, ஆட்டமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டும் உறுமி, பேட்டரிப் பக்கத்து பிரேக்கரை ஒரு கணம் தட்டிப் பார்த்தால் உறுமல் நிற்கிறது என்றால் அது மின்சாரச் சத்தம். லேசாக இருந்தால் இயல்பு. திடீரென்று கூடியிருந்தால் ஒரு டயோடு உள்ளே அறுந்துவிட்டது அல்லது ஒரு ஃபேஸ் போய்விட்டது. மேலே சொன்ன மூன்று எண்ணையும் பாருங்கள். பிரேக்கரைத் தட்டுவது இளங்காற்றில் மட்டும், மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம்.

சுற்றுக்கு ஒருமுறை கம்பம் தலையாட்டினால் இறக்கைகளின் எடை சமமில்லை. என் இறக்கை பைன் மரம். திருப்பூருக்கு மெஷின் வந்திறங்கும் பெட்டிகளின் பலகை, கணு இல்லாததாகப் பொறுக்கியது. லேசான மரம், ஆனால் பெயிண்ட் விரிசல் விட்டால் மழைத் தண்ணீரைக் குடித்துவிடும். மூன்றில் ஒன்று மட்டும் குடித்தால் போதும், ஆட்டம் கண்டுவிடும். மழைக்குப் பின் தொடங்கிய ஆட்டம் என்றால் நான் வேறெதையும் யோசிப்பதில்லை. கழற்றிக் காயவைத்து, மூன்று நுனிகளுக்கும் இடையே உள்ள தூரம் மூன்றும் 5 மில்லிமீட்டருக்குள் சமமாக இருக்கிறதா என்று அளந்து, இறக்கைத் தொகுதியைக் காற்றில்லாத அறையில் நடுப்புள்ளியில் ஒரு கூர்முனை மேல் நிறுத்துவேன். எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிரே சின்ன ஈயத் துண்டைத் திருகிவிடலாம்.

போர்வெல் கேசிங் பைப்பை அறுத்து இறக்கை செய்தவர்கள் வருஷா வருஷம் வேர்ப்பக்கம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் வெயிலில் பி.வி.சி. உடையத்தான் செய்யும், எப்போது என்பதுதான் கேள்வி.

கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி தளர்ந்திருந்தாலும் ஆட்டம் வரும். கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளை இறுக்கிவிட்டு அதன் கண்ணில் ஒரு கட்டுக்கம்பி கோத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுக்கத்திலேயே அது தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும்.

வெறி பிடித்தது போலச் சுற்றுகிறது

பக்கத்தில் போகாதீர்கள். குறிப்பாக, இறக்கை சுற்றும் தளத்துக்கு நேராக, பக்கவாட்டில் நிற்காதீர்கள். துண்டு பறந்தால் அந்தப் பக்கம்தான் வரும். பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். சில விநாடியில் வேகம் விழ வேண்டும். விழவில்லை என்றால் பிரேக்கை எடுத்துவிடுங்கள், அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். காற்று கொஞ்சம் தணியும் வரை காத்திருந்து மறுபடி போடுங்கள்.

காரணம் இரண்டில் ஒன்று. சுமை கழன்றிருக்கும், அல்லது காத்தாடியின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பும் வால் மடங்கவில்லை.

சுமை கழலுவதற்குப் பெரிய காரணம் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர். காத்தாடிக்கும் ஓடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நானும் ஒன்று போட்டேன். பேட்டரி நிறைந்ததும் அது பேனலைத் துண்டித்துவிடும். பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காத்தாடியைத் துண்டித்தால் கடிவாளம் அறுந்த மாடு. அந்த ஆடி மதியம் வோல்ட் 90ஐத் தாண்டியது, கன்ட்ரோலரிலிருந்து புகை வந்தது. காத்தாடிக்கு வேண்டியது வேறு வகை: காத்தாடியைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, 28.8 வோல்ட் வந்ததும் மிச்சக் கரண்டை ஒரு சுமைக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர்.

அந்தச் சுமைக்கு வீட்டில் கிடக்கும் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் அதன் தடை 35 ஓம். 28.8 வோல்ட்டில் அது குடிப்பது 24 வாட்தான். வெந்நீரும் வராது, காத்தாடியும் நிற்காது. 400 வாட் குடிக்க 2 ஓம் வேண்டும். நான் லாரிக்குப் போடும் 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு ஆறு வாங்கி, தகரப் பெட்டிக்குள் மாட்டிவிட்டேன். நாமக்கல், சங்ககிரி பக்கம் இருப்பவர்களுக்கு இது கிடைக்காத சாமானா? பேட்டரி நிறைந்தால் களத்து மூலையில் வெளிச்சம் வரும், வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

இனி வால். காற்று எல்லை மீறும்போது இறக்கை ஒரு பக்கமாக ஒதுங்கி, வால் தன் சாய்ந்த கீலில் மேலே எழும்பி மடங்க வேண்டும். தணிந்ததும் தன் எடையாலேயே இறங்கி நேராக வேண்டும். கீலில் துருவோ பெயிண்டோ இறுகினால் மடங்காது, கிரீஸ் போதும். வால் கனத்துவிட்டாலும் மடங்காது. இதில் என் முட்டாள்தனம் ஒன்று உண்டு. 9 மில்லிமீட்டர் பிளைவுட் வாலை எடுத்துவிட்டு, காங்கேயம் காளை உருவத்தில், திமிலும் கொம்புமாக 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வெட்டி மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். அரை சதுர மீட்டர் பிளைவுட் 3 கிலோ இருந்த இடத்தில் காளை 12 கிலோ. வால் எப்படி எழும்பும்?

கருகல் வாடை

காளை ஆடி 12ஆம் தேதி மடங்காமல் நின்றது. மறுநாள் காலை கம்பத்தடியில் வார்னிஷ் கருகிய வாடை. சாய்த்துப் பார்த்தால் ரெசின் பாலாடை நிறத்திலிருந்து வெல்லப்பாகு நிறத்துக்கு மாறி, மூன்று காயில் மேல் வீங்கியிருந்தது. இதற்குப் பழுது பார்ப்பு கிடையாது. ஸ்டேட்டரைப் புதிதாக வார்க்க வேண்டும். காந்தத்தையும் சோதியுங்கள்: சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலுவை நிரந்தரமாக இழக்கும். புது ஸ்டேட்டர் போட்ட பிறகும் கைச் சுற்றில் 7 வோல்ட்டுக்குப் பதில் மூன்று ஜோடியிலும் 6 தான் வருகிறது என்றால் காந்தம் சோர்ந்துவிட்டது. எனக்குத் தப்பியது. காளை இப்போது மாட்டுக்கொட்டாய் சுவரில் இருக்கிறது.

முகம் காற்றுப் பக்கம் திரும்பவில்லை

கம்பம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் தலை எப்போதும் பள்ளத்துப் பக்கமே போய் நிற்கும். நேராக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. நம் செம்மண் தூசி அதில் கலந்து அரைத்த மாவு மாதிரி ஆகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது

காத்தாடி மேல் பழி போடாதீர்கள். இரண்டு மணி நேரம் சும்மா விட்டபின் 25.4 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. தினமும் 24.2க்குக் கீழே இறக்கினால் எந்த பேட்டரியும் சீக்கிரம் சாகும். டிஸ்டில்ட் வாட்டர் ஆடி, ஆவணியில் மாசம் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போதுதான் நிறைந்து கொதிக்கும். பேட்டரி இருக்கும் அறையில் ஜன்னல் வேண்டும், விளக்கேற்றும் மாடம் வேண்டாம்.

கேபிள் முறுக்கிக்கொண்டது

தலை சுற்றச் சுற்ற, உள்ளே தொங்கும் கேபிள் முறுக்கேறும். தலை சுற்றினாலும் கேபிள் முறுக்காமல் கரண்டைக் கீழே இறக்கும் சிலிப் ரிங் போடலாம். போட்டவர்கள் அதன் கார்பனைத் துடைக்கவே கம்பத்தைச் சாய்க்கிறார்கள், நான் போடவில்லை. கம்பத்தின் அடியில் கழற்றிவிடும்படி ஒரு பிளக் வைத்தால் போதும். புரட்டாசியில் காற்று அடங்கியதும் பிரேக்கைப் போட்டு, கழற்றி, முறுக்கைப் பிரித்துவிட்டு, திரும்பச் செருகும்போது பிரேக்கை எடுக்க மறக்காமல் இருந்தால் சரி. போன வருஷம் 11 முறுக்கு இருந்தது, எல்லாமே இடது பக்கமாக.